குற்றமற்ற கல்: தமிழர் மணி மரபும் ஆய்வகச் செயற்கை மணிகளும்

முன்னுரை

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்துக்கும் தமிழகத்தின் தேனி மாவட்டத்துக்கும் இடையே எல்லையாக நீளும் மலைத்தொடரில் இரண்டு இடங்கள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சூரியநெல்லி. தமிழக எல்லைக்குள் அமைந்த கொழுக்குமலைக்குச் செல்வோர் இவ்வூர் வழியாகவே ஏறுகின்றனர். மற்றொன்று, அதே தொடரின் தென்பகுதியில் குமுளிக்கு அருகே அமைந்த மங்கலதேவி கண்ணகி கோயில். ஆண்டுக்கு ஒருமுறை சித்திரைப் பௌர்ணமி நாளில் இரு மாநில மக்களும் அங்குக் கூடி வழிபடுகின்றனர்.

அங்கு வழிபடப்பெறும் கண்ணகியின் வரலாறு, புறத்தோற்றத்தில் ஒத்திருந்த இரண்டு அணிகலன்களைப் பற்றியதாகும். ஒன்றனுள் இருந்த பரல் முத்து. மற்றொன்றனுள் இருந்தது மாணிக்கம். உடைத்துப் பார்க்கும்வரை வேற்றுமை புலப்படவில்லை. பார்ப்பதற்கு ஒன்றாயிருப்பவை உண்மையில் ஒன்றுதானா என்னும் இவ்வினா இன்றைய மணிக்கல் வணிகத்தின் தலையாய வினாவாகவும் உள்ளது. ஆய்வகங்களில் உருவாகும் செயற்கைப் படிகங்களும், அண்மைக் காலத்தில் அவற்றோடு சேர்ந்துள்ள கண்ணாடிப் பீங்கான் கற்களும் இயற்கை மணிகளின் இடத்தை அணிகலன்களில் பெற்றுவருகின்றன. இம்மாற்றத்தைத் தமிழரின் பழைய மணி மரபோடும் திருச்சிராப்பள்ளியின் செயற்கைக்கல் தொழிலோடும் இணைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையும் ஆறும் மணியும்

சூரியநெல்லிக்கு அருகிலுள்ள ஆனையிறங்கல் நீர்த்தேக்கம் பன்னியாற்றின் குறுக்கே அமைந்தது. பன்னியாறு முதிரப்புழையாற்றின் வழியாகப் பெரியாற்றை அடைகிறது. பெரியாறு மேற்கே இறங்கிக் கடலைச் சேரும் பகுதியில்தான் பழைய முசிறித் துறைமுகம் இருந்தது. யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனாரின் அகநானூற்றுப் பாடல் (149) கூறுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்புளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், சேரநாட்டுத் துறைகளிலிருந்து ஏற்றுமதியான பொருள்களில் மிளகுடன் முத்து, வைரம், நீலமணி, பலவகை ஒளிபுகும் கற்கள் ஆகியவற்றையும் குறிப்பிடுகிறது. அத்துறைகளில் வந்திறங்கிய பொருள்களுள் வார்ப்புச் செய்யப்படாத பச்சைக் கண்ணாடியும் ஒன்று. மணிகள் வெளியே சென்றதும் கண்ணாடி உள்ளே வந்ததும் ஒரே துறையில், ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பது கருதத்தக்கது.

முசிறிக்கு மணிகள் சென்ற முதன்மை நிலவழி, இடுக்கி மலைகளுக்கு வடக்கே அமைந்த பாலக்காட்டுக் கணவாயாகும். அக்கணவாய்க்குக் கிழக்கே, நொய்யலாற்றின் கரையில், இன்றைய ஈரோடு மாவட்டத்தில் கொடுமணல் உள்ளது. 1985-ஆம் ஆண்டு முதல் பல கட்டங்களாக இங்கு நிகழ்ந்த அகழாய்வுகள், பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம், அகேட் முதலிய கற்களைக் கொண்டு மணிகள் செய்த தொழிற்கூடச் சான்றுகளை வெளிப்படுத்தின. உருவாக்கத்தின் பல நிலைகளில் நின்றுபோன மணிகளும் கழிவுச் சில்லுகளும் கிடைத்தமையால், இவ்வூர் மணிகளை விற்ற ஊராக மட்டுமன்றிச் செய்த ஊராகவும் இருந்ததை அறியமுடிகிறது. காங்கேயம் வட்டாரத்துப் படியூர்ப் பச்சைக்கல்லும் சிவன்மலை நீலக்கல்லும் அத்தொழிலுக்கு அண்மையிலேயே கிடைத்தன.

பதிற்றுப்பத்தில் கபிலரும் (67) அரிசில்கிழாரும் (74) கொடுமணத்தைப் பாடியுள்ளனர். அரிசில்கிழார் அவ்வூரின் அணிகலனைச் சிறப்பிக்கும்போது அதன் வேலைப்பாட்டின் மாண்பையே அடையாகத் தருகிறார். கல்லின் அருமையோடு கைவினையும் மதிப்பின் காரணமாக எண்ணப்பட்டதற்கு இது சான்றாகும்.

பளிங்கும் பாசியும்: பழைய போலி மணிகள்

செயற்கை மணி அண்மைக் காலத்துக் கண்டுபிடிப்பு என்னும் பொதுக்கருத்து வரலாற்றோடு பொருந்தவில்லை. உரோமானிய அறிஞர் பிளினி தம் இயற்கை வரலாற்று நூலின் 37-ஆம் பகுதியில் மணிகளைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். இந்தியர் பளிங்குக்கு நிறமூட்டிப் பலவகை மணிகளை, குறிப்பாகப் பச்சைக்கல்லைப் போலியாகச் செய்யும் முறையைக் கண்டறிந்திருந்தனர் என்று அவர் தெரிவிக்கிறார். பச்சைக்கல்லை அறுபட்டை வடிவில் தீட்டுவதையும், பட்டையின் கோணங்களில் ஒளி திரும்புவதால்தான் அதன் மங்கிய நிறம் பொலிவு பெறுகிறது என்பதையும் அவர் குறித்துள்ளார். மெய்ம்மணியைத் தீட்டும் திறனும் போலி மணியைச் செய்யும் திறனும் ஒரே நாட்டினரிடம் ஒருங்கே இருந்தன என்பது இக்குறிப்புகளால் பெறப்படுகிறது.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நிகழ்த்திய அகழாய்வுகள் அங்கு நடைபெற்ற கண்ணாடி மணித்தொழிலைப் புலப்படுத்தின. உருகிய கண்ணாடியை உட்டுளையுள்ள குழலாக நீள இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்பை மழுங்கச் செய்யும் முறையில் இவை உருவாயின. மணியாய்வாளர் பீட்டர் பிரான்சிசு இவ்வகை மணிகளை இந்தோ-பசிபிக் மணிகள் எனப் பெயரிட்டு, கிழக்கு ஆசியா வரையிலான அவற்றின் பரவலை ஆராய்ந்தார். ஆந்திர மாநிலத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை தொடர்ந்து வந்துள்ளது. முசிறியோடு இணைத்து நோக்கப்படும் பட்டணத்தில் 2007 முதல் கேரள வரலாற்றாய்வு மன்றம் நிகழ்த்திய அகழாய்வுகளிலும் கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் ஒருசேரக் கிடைத்தன.

தமிழ்ச் சொல்வழக்கும் இவ்விரண்டையும் முற்றாகப் பிரிக்கவில்லை. ‘மணி’ என்னும் சொல் மாணிக்கத்துக்கும் பொருந்துகிறது, பாசிமணிக்கும் பொருந்துகிறது. ‘பளிங்கு’ என்பது இயற்கைப் படிகத்தைக் குறித்ததோடு கண்ணாடியையும் குறித்தது. ‘கல் வைத்த தோடு’ என்னும் இன்றைய வழக்கில் அக்கல் வைரமா, வேறொன்றா என்பது சொல்லால் தெரிவதில்லை. இப்பொதுமை மொழியின் குறை அன்று. அணிவோரின் பொருள்நிலை எதுவாயினும் அணி அணியே என்னும் சமூக நோக்கு இதில் பதிந்துள்ளது எனலாம்.

மணி மரபில் பிறப்பும் குற்றமும்

மதுரை நகரின் மணி வீதியைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை வருணிக்கிறது. அங்கு ஒன்பது வகை மணிகளும் அவற்றின் இலக்கணத்தோடு கூறப்படுகின்றன. வைரத்தில் காக்கைக்கால் போன்ற கீறல், களங்கம், புள்ளி, கோடு ஆகியவை இருத்தலாகாது, மரகதம் தனக்குரிய குற்றங்கள் நீங்கியதாக இருத்தல் வேண்டும், மாணிக்கம் நால்வகைப்படும். முத்துக்கும் பவளத்துக்கும் கூட விலக்கத்தக்க குற்றங்கள் சுட்டப்படுகின்றன. ஒரே தோற்றமும் ஐவேறு அழகும் உடைய மணிகளைப் பற்றியும் இளங்கோவடிகள் பேசுகிறார். மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிமத்தின் நிற வேறுபாடுகளே என்னும் இன்றைய அறிவியல் கருத்தோடு இதனை ஒப்பவைத்து எண்ணுதல் தகும்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் மாணிக்கம் விற்ற படலம் இம்மரபை மேலும் விரிக்கிறது. பாண்டிய இளவரசனின் முடிசூட்டுக்கு மணி வேண்டியிருந்தபோது இறைவன் வணிகராக வந்து மணிகளின் இலக்கணத்தை உரைக்கிறார். வலன் என்னும் அசுரனின் உடற்கூறுகளே மணிகளாயின என்னும் பிறப்புக் கதை முதலில் இடம்பெறுகிறது. அதன்பின் நிறமும் குணமும் குற்றமும் கூறப்படுகின்றன.

இவற்றால், தமிழ் மணி மரபு ஒரு கல்லை இரண்டு அளவைகளால் மதிப்பிட்டது தெளிவாகிறது. ஒன்று, அதன் பிறப்பு. மற்றொன்று, அதன் குற்றமின்மை. மண்ணிலிருந்து வரும் கற்களுள் குற்றமற்றவை அரியவை. ஆகவே குற்றமின்மை அருமையின் அடையாளமாயிற்று. இவ்விரண்டு அளவைகளும் ஒன்றையொன்று எதிர்க்கக்கூடும் என்று கருத அக்காலத்தில் தேவை எழவில்லை. அத்தேவையைத் தோற்றுவித்தது இருபதாம் நூற்றாண்டின் உலைக்களமாகும்.

சுடரில் பிறந்த மாணிக்கம்

பிரெஞ்சு வேதியியலார் அகுஸ்து வெர்னாய் 1902-இல் செயற்கை மாணிக்கம் உருவாக்கும் முறையை அறிவித்தார். தூய அலுமினிய ஆக்சைடு பொடியுடன் சிறிதளவு குரோமிய ஆக்சைடு கலந்து, ஆக்சிசன்-ஐதரசன் சுடரின் ஊடே சிறிது சிறிதாக விழச் செய்வர். உருகிய துளிகள் கீழே ஒரு தாங்கியின்மேல் படிந்து, பேரிக்காய் வடிவக் கட்டியாக வளரும். இக்கட்டி வேதியியல் முறையில் மாணிக்கமே ஆகும். அதன் கடினமும் ஒளிவிலகலும் இயற்கை மாணிக்கத்தினின்று வேறுபடுவதில்லை. நிறமூட்டும் பொருளை மாற்றி நீலமும், பொருளையே விலக்கி நிறமற்ற வெண்கல்லும் செய்ய இயன்றது.

இங்கு ஒரு பாகுபாட்டைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். இயற்கை மணியின் அதே சேர்மத்தையும் படிக அமைப்பையும் கொண்டு ஆய்வகத்தில் வளர்வது செயற்கைப் படிகம். தோற்றத்தில் மட்டும் ஒத்து, பொருளால் வேறுபடுவது போலிக்கல். வெர்னாயின் மாணிக்கம் முதல் வகை. 1970-களில் மாஸ்கோவின் லெபெதேவ் இயற்பியல் நிறுவனத்தில் பெருமளவில் வளர்க்கப்பட்டு, பின்னர் உலகச் சந்தையை அடைந்த கனசதுரச் சிர்க்கோனியா வைரத்தைப் பொறுத்தவரை இரண்டாம் வகை. ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று தமிழகக் கடைகளில் வழங்கும் கல் இதுவே. அது உருசியாவில் உருப்பெற்றுப் பெயரில் அமெரிக்காவைத் தாங்கி நிற்பது, இத்துறையில் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தொலைவைக் காட்டும் எளிய சான்றாகும். வைரத்தின் அடர்த்தி 3.52, இக்கல்லின் அடர்த்தி 5.6-க்கு மேல். ஒரே அளவுள்ள இரண்டையும் நிறுத்தால் வேற்றுமை புலனாகும்.

திருச்சிராப்பள்ளியின் பட்டைக்கல்

கொடுமணலைக் கடந்த நொய்யல் காவிரியில் கலக்கிறது. அக்காவிரியின் கரையிலுள்ள திருச்சிராப்பள்ளி இருபதாம் நூற்றாண்டில் செயற்கைக்கல் தொழிலுக்குப் பெயர்பெற்றது. இது நிலவியல் நிரலேயன்றித் தொழில் வழித்தொடர்ச்சி அன்று. அயல்நாட்டிலிருந்து வந்த செயற்கைக் கட்டிகளை அறுத்து, பட்டை தீட்டி, நாடெங்கும் அனுப்பும் குடிசைத் தொழில் நகரிலும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலும் புதுக்கோட்டைப் பகுதியிலும் பரவியது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தில் சுவிட்சர்லாந்து நாட்டுத் தொழில் கூட்டுறவுடன் செயற்கை மணிக்கல் ஆலையும் இயங்கியது. கனசதுரச் சிர்க்கோனியா வந்தபின் ‘திருச்சி வைரம்’ என்னும் வழக்கு நிலைபெற்றது.

இத்தொழிலின் உயிர்நிலை பட்டை தீட்டுதல் ஆகும். குச்சியின் நுனியில் அரக்கால் ஒட்டிய சிறு கல்லைச் சுழலும் தட்டின்மேல் உரிய கோணத்தில் பிடித்து, ஒவ்வொரு முகமாகத் தேய்த்தல் வேண்டும். வட்ட வடிவ வைர வெட்டில் 57 பட்டைகள் உள்ளன. அவற்றின் கோணங்களையும் அளவுகளையும் மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் கணித முறையில் ஆராய்ந்து வெளியிட்டார். அக்கணிதத்தைத் திருச்சி வட்டாரத்துக் கைகள் பழக்கத்தால் நிறைவேற்றின. சில மில்லிமீட்டர் அகலமுள்ள கல்லில் கோணம் சிறிது பிறழினும் ஒளி மேலே திரும்பாமல் அடிவழியே கசிந்துவிடும். கல் கண்ணாடிச் சில்லாகத் தோன்றும். மூலப்பொருள் மலிவானது என்பதால், முடிந்த கல்லின் மதிப்பில் பெரும்பங்கு உழைப்பினுடையதே. வேலைப்பாட்டை முன்வைத்து அணிகலனைப் போற்றிய பதிற்றுப்பத்தின் நோக்கு இத்தொழிலுக்கே பெரிதும் பொருந்துகிறது.

நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் உருவாகும் கோயில் நகைகளும் இவ்வரலாற்றோடு தொடர்புடையவை. தெய்வத் திருமேனிக்கு உரியவையாய் இருந்த அந்நகை வடிவங்கள் பின்னர்ப் பரதநாட்டியக் கலைஞரின் ஒப்பனையாயின. புவிசார் குறியீடும் பெற்ற இந்நகைகளில் இன்று பதிக்கப்பெறும் சிவப்புக் கெம்புக்கற்களில் பெரும்பாலானவை செயற்கையானவை. கல்லுக்குப் பின்னே ஒளிரும் தகடு வைத்து அடைத்துப் பதிக்கும் முறையால் நிறம் ஆழம் பெறுகிறது. மேடையில் அவற்றை அணிந்தவர் யாரையும் ஏமாற்றுவதில்லை. காண்போரும் ஏமாற்றப்பட்டதாகக் கருதுவதில்லை.

ஆயினும் திருச்சித் தொழில் நலிவுற்றது. சீனாவில் எந்திரத்தால் வெட்டப்பட்ட கற்கள் ஒரே அளவிலும் மிகக் குறைந்த விலையிலும் சந்தைக்கு வந்தபின், கைப்பட்டைக்கு இருந்த தேவை சுருங்கியது. குடும்பத்தோடு இத்தொழிலில் ஈடுபட்டோர் பலர் வேறு வேலைகளுக்குச் சென்றனர். செயற்கைக் கல் இயற்கை மணியின் வணிகத்தை அசைத்ததைப் பற்றிப் பேசும் நூல்கள் பல. எந்திரக் கல் கைக்கல்லை வீழ்த்தியதைப் பற்றிய பதிவுகள் மிகச் சிலவே.

கண்ணாடிக்கும் படிகத்துக்கும் இடையே

செயற்கைப் படிகம், கண்ணாடி என்னும் இரு வகைகளுக்கும் இடைப்பட்டது கண்ணாடிப் பீங்கான். கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கின்றி உறைந்துள்ளன; படிகத்தில் அவை ஒழுங்குற அடுக்கப்பட்டுள்ளன. கண்ணாடியை முதலில் உருக்கி வடிவமைத்து, பின் கட்டுப்பாட்டோடு மீண்டும் சூடேற்றினால் அதனுள் எண்ணற்ற நுண்படிகங்கள் தோன்றும். டைட்டானியம், சிர்க்கோனியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் அப்படிகங்கள் முளைப்பதற்கான வித்துகளாகப் பயன்படுகின்றன.

அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு ஸ்டூக்கி 1953-இல் ஒளியுணர் கண்ணாடித் தகடு ஒன்றை 600 பாகை செல்சியசில் சூடேற்ற முனைந்தபோது, உலையின் கோளாற்றால் வெப்பம் 900 பாகையைத் தொட்டது. உருகி ஓடியிருக்கும் என எதிர்பார்த்த தகடு வெண்ணிறமாக, உருக்குலையாமல் இருந்தது. கைதவறித் தரையில் விழுந்தும் உடையவில்லை. சமையற்கலங்களுக்கும் தொலைநோக்கி ஆடிகளுக்கும் பயன்பட்ட ஒரு பொருட்குடும்பம் இவ்வாறு தொடங்கியது.

நுண்படிகங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியனவாக அமையும்போது இப்பொருள் ஒளிபுகும் தன்மையை இழப்பதில்லை. இவ்வியல்பே இதனை அணிகலனுக்கு உரியதாக்கியது. உருசியாவில் உருவாகி ‘நானோசிட்டல்’ என்னும் பெயரில் விற்பனையாகும் ஒளிபுகும் கண்ணாடிப் பீங்கான், மரகதம், நீலம், தான்சனைட்டு முதலிய பல மணிகளின் நிறங்களில் கிடைக்கிறது. சாதாரணக் கண்ணாடியைவிடக் கடினமானது. வெப்பத்தை நன்கு தாங்குவது. பட்டைகளில் கூர்மையை ஏற்பது. ஆயினும் அது மரகதமும் அன்று, நீலமும் அன்று. மோவின் கடின அளவில் 9 என்னும் நிலையிலுள்ள நீலமணியோடு அது உராய்ந்தால் கீறல் அதன்மீதே விழும். பிளினி கூறிய நிறமூட்டிய பளிங்கின் வழித்தோன்றலாக இதனைக் கருதலாம்.

குற்றமே சான்றாதல்

இவ்விடத்தில் தமிழ் மணி மரபின் இரண்டு அளவைகளும் எதிரெதிராகின்றன. ஊர்காண் காதை விலக்கிய குற்றங்கள் ஆய்வகக் கல்லில் இல்லை. கீறலும் களங்கமும் புள்ளியும் நீங்கிய கல்லைச் சிறிய விலைக்கு எவரும் பெற இயலும். இளங்கோவடிகளின் இலக்கணத்தை மட்டும் கைக்கொண்டு இன்றைய கடைக்குச் செல்வோர் செயற்கைக் கல்லையே உயர்ந்ததெனத் தேர்ந்தெடுப்பர்.

ஆகவே இன்றைய மணியியலார் குற்றத்தைத் தேடுகின்றனர். உருப்பெருக்கியின் கீழ் இலங்கை நீலத்தில் பட்டிழை போன்ற நுண்ணிய ஊசிகள் தென்படின், அது மண்ணில் விளைந்தது என்பதற்குச் சான்றாகும். மாறாக, வளைந்த வரிகளும் காற்றுக் குமிழிகளும் வெர்னாயின் சுடரைக் காட்டிக்கொடுக்கும். முன்னர் விலையைக் குறைத்த உள்ளடக்கம் இன்று பிறப்பை மெய்ப்பிக்கும் ஆவணமாகியுள்ளது. முற்றிலும் தூய்மையான பெரிய கல் மகிழ்ச்சிக்கு முன் ஐயத்தையே எழுப்புகிறது.

இயற்கைக் கல்லும் இன்று முழுமையாக இயற்கையானது என்று கொள்வதற்கில்லை. இலங்கையில் ‘கெவுடா’ எனப்படும் பால்நிறக் குருந்தக் கற்கள் ஒருகாலத்தில் பயனற்றவையாக ஒதுக்கப்பட்டன. 1970-களில் அவற்றைத் தாய்லாந்துக்குக் கொண்டுசென்று உயர் வெப்பத்தில் சூடேற்றியபோது ஆழ்ந்த நீலம் பெற்றன. மண்ணில் பிறந்து உலையில் நிறம் பெற்ற அக்கல்லை எவ்வகையில் அடக்குவது என்னும் வினாவுக்கு, சூடேற்றியதை மறையாமல் அறிவித்தல் வேண்டும் என்பதே வணிக உலகம் கண்ட விடையாகும்.

பெயரும் நேர்மையும்

இவ்விடை செயற்கை மணிகள் அனைத்துக்கும் பொருந்தும். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2018-இல் தன் நகை வழிகாட்டு நெறிகளைத் திருத்தியபோது, வைரத்தின் வரையறையிலிருந்து ‘இயற்கையான’ என்னும் அடையை நீக்கியது. அதேவேளை ஆய்வகத்தில் உருவானதை அவ்வாறே தெளிவாகச் சொல்லுதல் வேண்டும் என்பதையும் நிலைநிறுத்தியது. இந்திய அரசு 2023-ஆம் ஆண்டு ஆய்வக வைரத்துக்கான ஆய்வு மையம் அமைக்க ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 242 கோடி ரூபாயைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஒதுக்கியது. தமிழகத்தில் கல்லை வெட்டும் கைகள் ஓய்ந்துவரும் காலத்தில், கல்லை வளர்க்கும் ஆய்வு இங்கு ஊக்கம் பெறுகிறது.

தமிழில் இவ்வேறுபாடுகளுக்கு உரிய சொற்கள் இன்னும் வரையறுக்கப்படவில்லை. செயற்கை, போலி, ஆய்வகத்தது, சூடேற்றியது ஆகிய நான்கும் வேறு வேறு பொருளுடையவை. நாள்வழக்கில் இவை அனைத்தும் ‘டூப்ளிகேட்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இதனால் இரு தீங்குகள் விளைகின்றன. ஒன்று, மெய்யான மாணிக்கப் படிகமும் வண்ணக் கண்ணாடியும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன; வாங்குவோர் தாம் பெற்றது எது என்று அறியாது போகின்றனர். மற்றொன்று, திருச்சி வட்டாரத் தொழிலாளரின் நுண்திறன் ‘போலி’ என்னும் பழிச்சொல்லின்கீழ் மறைந்துவிடுகிறது. அவர்கள் தீட்டிய கல் வைரம் அன்று. ஆனால் அவர்கள் தீட்டிய பட்டை மெய்யானது.

முடிவுரை

பழந்தமிழகம் மெய்ம்மணியையும் கண்ணாடி மணியையும் ஒருங்கே செய்தது, ஒருங்கே அணிந்தது. மணி மரபு பிறப்பையும் குற்றமின்மையையும் இரு அளவைகளாகக் கொண்டது. ஆய்வகக் கற்கள் குற்றமின்மையை எல்லார்க்கும் எளிதாக்கியதால், பிறப்பு மட்டுமே விலையின் அளவையாக எஞ்சியது. பிறப்பைக் கண்ணால் அறிய இயலாமையால், அதனை அறிவிக்கும் சொல்லின் நேர்மையே வணிகத்தின் அடிப்படையாயிற்று.

பட்டைத் தொழிலில் வழங்கிய கருவிப் பெயர்கள், குறைப் பெயர்கள், வெட்டு வகைகள் ஆகியவற்றை அத்தொழிலில் முதிர்ந்தோர் வாழும் காலத்திலேயே தொகுத்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும். ஊர்காண் காதையின் மணிச்சொற்களுக்கு உரை கண்ட மரபு, திருச்சிப் பட்டறைகளின் சொற்களையும் பொருட்படுத்துதல் தகும்.

பாண்டியன் அவையில் இரண்டு சிலம்புகளும் ஒத்திருந்தது குற்றமன்று. ஒன்றை மற்றொன்றன் பெயரால் அழைத்த பொற்கொல்லனின் சொல்லும், உள்ளிருக்கும் பரலை ஆராயாது அச்சொல்லை ஏற்ற அரசனின் ஆணையுமே கோவலனின் உயிரைக் கொண்டன. செயற்கை மணியைப் பற்றிய அறவினாவுக்கும் விடை அங்குள்ளது. கல் எவரையும் ஏமாற்றுவதில்லை. அதற்கு இடப்படும் பெயரே ஏமாற்றுகிறது.